கயிறு யார் கையில்?

இன்னைக்கு எடுத்துக்கிற கேள்வி இது: காதல், கல்யாணம்னு ஆனதும் நட்புக்கு என்ன ஆகுது?

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ராபின் டன்பார், ஒருத்தருக்கு ரொம்ப நெருக்கமானவங்க சுமார் 5 பேர்தான்னு சொல்றவர். காதல் உறவு வந்ததும் அந்த வட்டத்திலிருந்து ரெண்டு பேர் விலகிடறாங்கன்னு 2010-ல் சொன்னார். எல்லாருக்கும் ஒதுக்க நேரம் இருக்காது, அவ்வளவுதான்.

இதைப் படிச்சதும் எனக்குத் தூத்துக்குடி முத்துக்குளிப்புதான் ஞாபகம் வந்தது. அங்கே கடைசியா முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். குளிக்கிறவர் கல்லின் கனத்தில் பல பாகம் ஆழத்துக்கு இறங்குவார். மூச்சுத் தாங்குவது சுமார் ஒரு நிமிஷம். மேலே தோணியில் ஒருத்தர் கயிறு பிடிச்சிருப்பார். கீழேயிருந்து கயிறு அசைஞ்சதும் இழுக்கணும். கவனம் தப்பினா உயிர் போயிடும்.

அந்தக் கயிறை மச்சான் கையில, அதாவது மனைவியின் கூடப்பிறந்தவன் கையில கொடுக்கிறது வழக்கம்னு சொல்வாங்க. கூடப்பிறந்தவ தாலி அறுக்க அவன் விடமாட்டான் என்பதுதான் கணக்கு.

ஆக, இங்கே கல்யாணம் ஒரு துணையைக் கூட்டித் தருது. பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துய்மோன் 1950-களில் தென்னிந்திய உறவுமுறையை ஆராய்ந்து இதைத்தான் சொன்னார்: மச்சான் உறவு ஒரு கல்யாணத்தோட நிற்காது, மாமன் மருமகன்னு அடுத்த தலைமுறைக்கும் போகும்.

இது உடம்புக்கும் நல்லதா? ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டாட் குழு 2010-ல் 148 ஆய்வுகளை, 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தகவலைச் சேர்த்துப் பார்த்தது. உறவு வலுவா இருக்கிறவங்க, ஆய்வுக் காலத்தில் உயிரோடிருக்கும் வாய்ப்பு 50 சதவீதம் அதிகம். 'தனியா வாழ்றாரா, இல்லையா'னு மட்டும் பார்த்தா பலன் சிறிசு. குடும்பம், நட்பு, ஊர்னு பலவிதப் பிணைப்பையும் சேர்த்து அளந்தா பலன் ரொம்பப் பெரிசு. வீட்டில் ஒரு துணை இருந்தா மட்டும் போதாது என்று அர்த்தம்.

ஆனா முத்துக்குளிக் கணக்கில் ஒருத்தர் விட்டுப்போறாங்க. ரெண்டு ஆண்களையும் இணைக்கிறது அந்தப் பொண்ணு. அவளுக்குக் கயிறு பிடிக்கிறது யார்? கல்யாணமாகி வேற ஊருக்குப் போனா, பள்ளித்தோழியின் போன் நம்பர் மட்டுமே மிஞ்சும். பசங்க நண்பனை 'மச்சான்'னு கூப்பிடறாங்க. தோழியை 'நாத்தனார்'னு கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை.

உங்க வீட்டுப் பெண்களிடம், கல்யாணத்துக்கு அப்புறமும் நீடிச்ச தோழி யாருன்னு கேட்டுப் பாருங்க. பதிலை எங்களுக்கு அனுப்புங்க, அடுத்த எபிசோடில் பேசுவோம்.