டிப்ரஸ்டு: எழுவாய் தொலைந்த ஒரு பெயரடை

'டிப்ரஸ்டு' என்பது ஆங்கிலத்தில் சாதாரணமாகப் புழங்கும் பெயரடை. டாக்டர் சொன்னால் மனச்சோர்வு. வியாபாரி சொன்னால் சந்தை மந்தம். அதன் பெயர்ச்சொல்லான 'டிப்ரஷ'னை ரேடியோ சொன்னா மாமல்லபுரம் கடற்கரையில் படகு கரையேறிவிடும். அங்கே அது காற்றழுத்தத் தாழ்வு. மூன்றிலும் தாழ்வு உண்டு, தாழ்த்தியவர் இல்லை. இத்தனைக்கும் சொல்லின் லத்தீன் வேர் 'கீழே அழுத்து' என்னும் வினை.

இதையே மனிதர்கள்மீது ஒட்டியபோது 'டிப்ரஸ்டு கிளாஸஸ்' வந்தது. தமிழ் இங்கே நம்மைத் தேர்வு செய்யச் சொல்கிறது. 'தாழ்ந்த' என்றால் தானாகவே தாழ்ந்தது, தன்வினை. 'தாழ்த்தப்பட்ட' என்றால் செயப்பாட்டுவினை, யாரோ தாழ்த்தியிருக்க வேண்டும். ஆங்கிலச் சொல் இரண்டுக்கும் இடம்கொடுத்து நழுவுகிறது. வட்டமேசை மாநாட்டின்போது 1931இல் அம்பேத்கரும், செங்கல்பட்டுச் சீமையின் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசனும் கூட்டாக அளித்த மனுவில் இந்தப் பெயரையே மாற்றக் கேட்டார்கள்.

பெயர் காகிதத்தோடு நிற்கவில்லை, மண்ணிலும் ஒட்டிக்கொண்டது. செங்கல்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் பறையர் நிலைமை குறித்து எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து, 1892 செப்டம்பர் 30 தேதியிட்ட 1010ஆம் எண் அரசாணை வந்தது. அவ்வழியில் கிடைத்ததே பஞ்சமி நிலம். வருவாய்த் துறை வழக்கில் 'டி.சி. நிலம்'. பத்தாண்டுகளுக்கு விற்கக் கூடாது, அப்புறமும் இதே மக்களுக்குத்தான் விற்கலாம் என்பது நிபந்தனை.

நிலம் இன்று எங்கே? 'கைமாறிப்போச்சு' என்பார்கள். கவனியுங்கள், இதுவும் தன்வினை. நிலம் தானா நடந்தா போச்சு? மாமல்லபுரத்துக்குப் பக்கத்துக் காரணையில் மக்கள் அந்த எழுவாயைத்தான் கேட்டார்கள். அந்தப் போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தார்கள். பத்திரிகை மொழியில் இது 'துப்பாக்கிச் சூடு நடந்தது' என்றாகும். மறுபடியும் எழுவாய் காணோம்.

ஆகவே சொல்லை மாற்றினால் போதாது, வாக்கியத்தையே மாற்ற வேண்டும். தாழ்த்தியது யார்? முதல் பட்டா யார் பெயரில்? நிபந்தனையை மீறி வாங்கியது யார், பத்திரம் பதிந்து கொடுத்தது யார்? தாலுகா ஆபீசிலும் சார்பதிவாளர் ஆபீசிலும் போய்க் கேட்க வேண்டிய இலக்கணக் கேள்விகள் இவை.