ரிப்பன் மாளிகையில் போட்ட உத்தரவு வார்டுக்கு எப்போ தெரியும்? மாநகராட்சிக்குள் ஒரு தகவல் பயணிக்கும் கதை

'நாளைக்குக் காலையில 9 மணிக்கு கேம்ப் இருக்கு. சம்பந்தப்பட்டவங்க எல்லாரும் கட்டாயம் வரணும்.'

இரவு 10.40க்கு இப்படி ஒரு மெசேஜ் வாட்ஸ்அப் குரூப்பில் வந்து விழுகிறது. எந்த கேம்ப், எந்த இடம், 'சம்பந்தப்பட்டவங்க'ன்னா யார் யார், ஒண்ணும் இல்லை. கீழே வரிசையாக 'ஓகே சார்', 'ஓகே சார்', கும்பிடும் கை எமோஜி. பத்தாவது 'ஓகே சார்' போட்டவருக்கும் எங்கே போக வேண்டும் என்று தெரியாது. காலையில் யாருக்காவது போன் போட்டுக் கேட்டுக்கொள்ளலாம் என்று படுத்துவிடுவார்.

மாநகராட்சியிலோ நகராட்சியிலோ உறவினர் யாராவது வேலை பார்த்தால், இந்தக் காட்சி உங்களுக்குப் புதிதாக இருக்காது. தனியார் கம்பெனிகளில் மெயில், டீம்ஸ், ஸ்லாக், மாதம் ஒருமுறை 'டவுன்ஹால்' என்று தகவல் சொல்வதற்கென்றே தனி ஏற்பாடுகள் உண்டு. நகரத்தையே நடத்தும் அமைப்புக்குள், தன் துறையில் என்ன நடக்கிறது, அடுத்த வாரம் என்ன வேலை வருகிறது என்பது கடைசி ஊழியருக்கு எப்படித் தெரிகிறது? சென்னை மாநகராட்சியை வைத்துப் பார்ப்போம்.

மேசை இல்லாத அலுவலகம்

1688 செப்டம்பர் 29 அன்று தொடங்கப்பட்டது சென்னை மாநகராட்சி. இந்தியாவின் மிகப் பழைய மாநகராட்சி இதுதான். 1913இல் திறக்கப்பட்ட ரிப்பன் மாளிகைதான் இன்றும் தலைமையகம். 2011இல் எல்லை விரிவானபோது, 174 சதுர கிலோமீட்டராக இருந்த பரப்பு ஒரே மூச்சில் 426 ஆனது. திருவொற்றியூரில் ஆரம்பித்து சோழிங்கநல்லூர் வரை 15 மண்டலங்கள், 200 வார்டுகள்.

இதில் பெரும்பாலானவர்களுக்கு மேசையோ கம்ப்யூட்டரோ அலுவலக மெயிலோ கிடையாது. தூய்மைப் பணியாளர், கொசு ஒழிப்புப் பணியாளர், சாலைப் பணியாளர், நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ், பூங்காவைப் பார்த்துக்கொள்பவர், அம்மா உணவகத்தில் சமைக்கிறவர் எல்லோரும் தெருவிலும் டிப்போவிலும் நின்று வேலை பார்ப்பவர்கள். 'வெப்சைட்ல போட்டாச்சு' என்ற பதில் இவர்கள் விஷயத்தில் பதிலே ஆகாது.

காகிதம் இறங்கும் படிக்கட்டு

முறைப்படி பார்த்தால் தகவல் சுற்றறிக்கையாகத்தான் கிளம்புகிறது. மேலே ந.க. எண், தேதி, 'பார்வை' என்று போட்டு முந்தைய கடிதங்களின் பட்டியல், அதன்பிறகு ஒரே வாக்கியமாக ஓடும் உத்தரவு. ஆணையர் அலுவலகத்திலிருந்து துணை ஆணையருக்கு, அங்கிருந்து துறைத் தலைவருக்கும் மண்டல அலுவலருக்கும், பிறகு செயற்பொறியாளர், உதவிப் பொறியாளர் அல்லது சுகாதார ஆய்வாளர் என்று ஒவ்வொரு படியாக இறங்குகிறது.

அதற்குக் கீழே காகிதம் இறங்குவதில்லை. கடைசிப் படி வாய்வழிதான். விடியற்காலையில் மஸ்டர் எடுக்கும் இடத்தில், வருகையைக் குறித்த கையோடு மேஸ்திரி நாலு வார்த்தை சொல்வார். 'இன்னிக்கு ரெண்டாவது தெருவுல மினிஸ்டர் விசிட், எல்லாரும் அங்க வாங்க.' அவ்வளவுதான் அன்றைய செய்திக்குறிப்பு.

இந்த முறையைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் போய்ச் சேரும், சந்தேகம் இருந்தால் அங்கேயே கேட்கலாம். ஆனால், இறங்கி வரும் வழியில் சிலது உதிர்ந்துவிடும். வேலை என்ன என்பது வந்து சேரும். ஏன் என்பது வராது. எத்தனை நாளைக்கு என்பது வராது. முக்கியமாக, ஊழியருக்குச் சாதகமான தகவல்கள் எந்தப் படியில் நின்றன என்றே தெரியாது. மருத்துவப் பரிசோதனை முகாம், காப்பீட்டுப் பதிவு, பிள்ளைகளின் கல்வி உதவித்தொகைக்குக் கடைசித் தேதி போன்றவற்றைச் சொல்ல மறந்தாலும் மேலே இருந்து யாரும் கேட்கப் போவதில்லை. விசிட்டைச் சொல்ல மறந்தால் மெமோ வரும். எது கீழே வந்து சேரும் என்று இதிலேயே விடை இருக்கிறது.

வாட்ஸ்அப் எதைத் தீர்த்தது, எதைக் கெடுத்தது?

வேகத்தைத் தீர்த்தது. அதில் சந்தேகமே இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் நகரம் மூழ்கியபோது, எந்தச் சுரங்கப்பாதையில் தண்ணீர், எங்கே மோட்டார் தேவை என்று சுற்றறிக்கை அனுப்பிக்கொண்டிருக்க முடியாது.

வேறு சிக்கல்கள் கூடவே வந்தன. ஒரு வார்டு அளவிலான ஊழியர் துறை குரூப், மண்டல குரூப், மழைக்கால குரூப், தேர்தல் வேலை குரூப் என்று பலவற்றில் இருப்பார். ஒரே மெசேஜ் நாலு குரூப்பில் வரும். தேதி மாறினால் ஒரே ஒரு குரூப்பில் மாறும். ஸ்கேன் செய்த பிடிஎஃப் பழைய போனில் திறக்காது. திறந்தாலும் சாய்ந்த எழுத்தை விரலால் பெரிதாக்கிப் படிப்பதற்குள் கண் வலித்துவிடும். வீட்டுக்கு ஒரே ஸ்மார்ட்போன், அது கல்லூரி போகும் மகன் கையில் என்ற நிலையில் இருக்கும் பெண் பணியாளர்களுக்கு அந்த குரூப் இருந்தும் இல்லாத மாதிரிதான். போனும் சொந்தம், டேட்டாவும் சொந்தக் காசு.

இதைவிடப் பெரிய கோளாறு ஒன்று உண்டு. வாட்ஸ்அப் உத்தரவுக்கு ந.க. எண் கிடையாது. 'டெலிட் ஃபார் எவ்ரிஒன்' கொடுத்தால் உத்தரவே காணாமல் போகும். சொன்னதைச் செய்ததற்காகவே ஒருவர் மாட்டிக்கொண்டால், 'சார்தான் சொன்னாரு' என்பதற்கு ஸ்கிரீன்ஷாட் தவிர வேறு ஆதாரம் இருக்காது. அனுபவமுள்ள ஊழியர்கள் கேலரியில் குடும்பப் படங்களுக்கு நடுவே ஸ்கிரீன்ஷாட்களைச் சேர்த்து வைப்பது சும்மா இல்லை.

ஒரு முகாம், எத்தனை துறை?

2025 ஜூலை 15 அன்று 'உங்களுடன் ஸ்டாலின்' முகாம்கள் தொடங்கின. மாநிலம் முழுக்க 10,000 முகாம்கள், மனுக்கள் மீது 45 நாட்களுக்குள் நடவடிக்கை என்பது அறிவிப்பு. மக்கள் பார்வையில் இது ஒரு மண்டபம், கொஞ்சம் மேசைகள், ஒரு க்யூ. உள்ளே இருந்து பார்த்தால் வருவாய், சுகாதாரம், பொறியியல் என்று ஒவ்வொரு பிரிவிலும் யார் உட்கார வேண்டும், அன்றைக்கு அவர் பார்க்க வேண்டிய வழக்கமான வேலையை யார் பார்ப்பது, மனுவை எந்த வடிவத்தில் பதிய வேண்டும் என்பதெல்லாம் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். மேசையில் இருப்பவருக்கே விவரம் தெரியவில்லை என்றால், 'அடுத்த வாரம் வாங்க' என்ற பதில்தான் உங்களுக்குக் கிடைக்கும். நாம் 'அலட்சியம்' என்று திட்டுவதில் ஒரு பங்கு, அவருக்கே யாரும் சொல்லாதது.

இன்னொரு சிக்கல், சென்னை மாநகராட்சி ஆணையர்தான் சென்னை மாவட்டத் தேர்தல் அலுவலரும்கூட. அதனால் மாநகராட்சி ஊழியர்கள் பலருக்குத் தேர்தல் வேலையும் சேர்ந்தே வரும். 2025 நவம்பர் 4 அன்று தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கெடுப்புப் படிவம் பெறக் கடைசி நாள் முதலில் டிசம்பர் 4. பிறகு அது 11 ஆனது. அந்த 11ஆம் தேதியே மறுபடியும் நீட்டித்து, தமிழ்நாட்டுக்கு 14 என்றார்கள். வீடு வீடாகப் படிவத்தோடு அலைந்தவர்களில் எத்தனை பேர் இந்த மாற்றத்தை டிவி ஃபிளாஷ் நியூஸில் தெரிந்துகொண்டிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். நீட்டிப்பது நல்ல முடிவாகவே இருக்கலாம். ஆனால், வேலை செய்பவரும் பொதுமக்களும் ஒரே நேரத்தில் ஒரே சேனலில் தெரிந்துகொள்ளும் நிலை சரியா?

2025 ஆகஸ்ட்: ரிப்பன் மாளிகை வாசலில்

தகவல் என்பது முகாம் தேதி மட்டும் இல்லை. நாளையிலிருந்து உன் முதலாளி யார் என்பதும் தகவல்தான்.

ராயபுரம் (5), திரு.வி.க. நகர் (6) மண்டலங்களில் குப்பை அகற்றும் பணி தனியார் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டதை எதிர்த்து, தூய்மைப் பணியாளர்கள் ஆகஸ்ட் 1 முதல் ரிப்பன் மாளிகை வாசலில் அமர்ந்தார்கள். சம்பளம் குறையும், வேலைக்குப் பாதுகாப்பு இருக்காது என்பது அவர்களின் கவலை. யாருக்கும் வேலை போகாது, அந்த நிறுவனத்தில் சேரலாம் என்றது மாநகராட்சி. உயர் நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து ஆகஸ்ட் 13 இரவு போலீஸ் அவர்களைக் கைது செய்து அப்புறப்படுத்தியது. அடுத்த நாளே அமைச்சரவைக் கூட்டத்துக்குப் பிறகு காலை உணவு, 10 லட்சம் ரூபாய் காப்பீடு, வீடு உட்பட 6 நலத்திட்டங்கள் தூய்மைப் பணியாளர்களுக்காக அறிவிக்கப்பட்டன.

தனியார்மயம் சரியா தவறா என்பது தனி விவாதம். இங்கே கவனிக்க வேண்டியது வேறு. ஒரு ஊழியரின் வாழ்க்கையைப் புரட்டிப்போடும் முடிவு மன்றத் தீர்மானமாக, டெண்டராக, ஒப்பந்தமாகப் பல கட்டங்களைத் தாண்டித்தான் வருகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் காகிதம் உண்டு. அதில் எந்தக் கட்டத்தில், எந்த மொழியில், யார் போய் அந்தப் பணியாளரிடம் உட்கார்ந்து பேச வேண்டும் என்பதற்குத்தான் ஏற்பாடு கிடையாது. ஒப்பந்த ஊழியர் விஷயத்தில் நிலைமை இன்னும் மோசம். காகிதத்தில் அவர் மாநகராட்சி ஊழியரே இல்லை என்பதால், ரிப்பன் மாளிகைச் சுற்றறிக்கையில் அவர் பெயரே வராது. பெரும்பாலான மண்டலங்களில் நம் தெருவைக் கூட்டுபவர் இன்று அப்படிப்பட்டவர்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 என்றாலே மனு போடுவதுதான் நினைவுக்கு வரும். அதன் 4ஆவது பிரிவு, யாரும் கேட்காமலேயே சொல்ல வேண்டியதைப் பேசுகிறது. ஒரு நிர்வாக முடிவால் பாதிக்கப்படுபவர்களுக்கு அதன் காரணத்தைத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 4(1)(டி). உள்ளூர் மொழியில், அந்தப் பகுதியில் எது நன்றாகப் போய்ச் சேருமோ அந்த வழியில் சொல்ல வேண்டும் என்கிறது 4(4). அறிவிப்புப் பலகை, செய்தித்தாள், பொது அறிவிப்பு எல்லாம் இதில் அடக்கம்.

தொழிலாளர் சட்டத்தில் இன்னொன்று உண்டு. சம்பளம், வேலை நேரம் போன்ற குறிப்பிட்ட பணி நிலைமைகளை மாற்றுவதற்கு முன் தொழிலாளிக்கு 21 நாள் நோட்டீஸ் தர வேண்டும் என்றது 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம், பிரிவு 9ஏ. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் இது பிரிவு 40 ஆகத் தொடர்கிறது. விதிவிலக்குகள் உண்டு. அரசுப் பணி விதிகளின் கீழ் வருபவர்களுக்கு இது பொருந்தாது.

பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19ஆவது பிரிவோ, உள்புகார் குழு அமைத்த உத்தரவை எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டி வைக்கச் சொல்கிறது. ஒப்பந்தப் பெண் பணியாளருக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். உங்கள் வார்டு அலுவலகப் பக்கம் போனால் அந்தக் காகிதம் இருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள்.

செலவே இல்லாத சில வழிகள்

நியூயார்க் நகர நிர்வாகம் 'தி சிட்டி ரெக்கார்ட்' என்ற பெயரில் ஓர் அதிகாரபூர்வ நாளேட்டை 1873 முதல் நடத்துகிறது. டெண்டர், பொது விசாரணைத் தேதிகளோடு யார் பணியில் சேர்ந்தார், யார் விலகினார் என்பதும் அதில் வரும். ஊழியரும் பொதுமக்களும் ஒரே தாளைப் பார்க்கலாம். நமக்கு உடனே நாளேடு வேண்டாம். வாரம் ஒரு பக்கம் போதும்.

அந்த ஒரு பக்கத்தில் எண், தேதி, யாருக்கு, எங்கே, எத்தனை மணிக்கு, கேள்வி இருந்தால் யாரைக் கேட்பது. பழைய உத்தரவு ரத்தானால் அதுவும். டிப்போ சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டி, மஸ்டரில் சத்தமாகப் படித்து, அதையே இரண்டு நிமிட வாய்ஸ் நோட்டாக அனுப்பலாம். அட்மின் மட்டுமே பதிவிடும் ஒரே குரூப் இருந்தால் 'ஓகே சார்' மழையில் தகவல் மூழ்காது. ஒப்பந்த நிறுவனத்தின் ஆட்களும் அதே மஸ்டரில் நின்று கேட்க வேண்டும் என்று டெண்டர் நிபந்தனையிலேயே ஒரு வரி எழுதிவிடலாம்.

இவற்றில் கடினமானது வாய்ஸ் நோட்டோ பலகையோ இல்லை. நலத்திட்டத் தகவல் கீழே போய்ச் சேர்ந்ததா என்று மேலே இருப்பவர் ஒருவர் கேட்பதுதான். விசிட்டுக்குக் கேட்கிற அதே குரலில்.

இதெல்லாம் வரும்வரை, வாய்மொழியாகவோ வாட்ஸ்அப்பிலோ வந்த ஓர் உத்தரவின் மூலக் காகிதம் வேண்டும் என்றால், ஊழியரும் ஒரு குடிமகனாகத் தகவல் அறியும் உரிமை மனு போடலாம். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, சம்பந்தப்பட்ட அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்ப வேண்டும். உத்தரவு வந்த தேதி, சொன்னவரின் பதவி, எந்த வேலை பற்றியது என்ற மூன்றையும் எழுதினால் தேடுவது எளிது. 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும்.