டேஷ்போர்டில் தெரிவது இப்போதைய ஸ்டாக்கா, நேற்றைய ஸ்டாக்கா?

ஓசூர் சிப்காட்டில் இருந்து ஜூஜுவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி. சில கிலோமீட்டரிலேயே கர்நாடகம் வந்துவிடும். தமிழகத்துக்குள் ஒரு லட்சம் ரூபாய் வரையிலான சரக்குக்கு இ-வே பில் தேவையில்லை. எல்லையைத் தாண்டினால், 50 ஆயிரத்துக்கு மேல் போனாலே கட்டாயம். எல்லை தாண்டும் சரக்குக்கு 2018 ஏப்ரல் 1 முதல் இதுதான் விதி.

அந்தப் பக்கத்து ஆலைக்கு உதிரிபாகம் அனுப்பும் ஒரு சிறிய யூனிட் என்று வைத்துக்கொள்வோம். காலை 11 மணிக்கு இன்வாய்ஸ் போட்டு, இ-வே பில்லும் எடுத்தாச்சு. லோடு கிளம்பும் நேரத்தில் வாங்குபவர் ஆர்டரைக் குறைக்கிறார். பழையதை ரத்து செய்து புதிதாகப் போட வேண்டும். இ-வே பில்லை ரத்து செய்ய 24 மணி நேரம்தான் அவகாசம். ஆனால் எல்லோரும் பார்க்கும் ரிப்போர்ட் நேற்றிரவு புதுப்பித்தது. எது போச்சு, எது ரேக்குக்குத் திரும்பி வந்துச்சு என்று அதற்குத் தெரியாது. இல்லாத ஸ்டாக்கை நம்பி அடுத்த ஆர்டருக்கு ஓகே சொன்னால், நிற்கப்போவது எதிர்ப்பக்கத்து அசெம்பிளி லைன்.

'அஞ்சு நிமிஷத்துக்கு ஒருமுறை எடுத்தா போச்சு' என்று தோன்றும். அவ்வளவு சுலபமில்லை. கிளவுட் மென்பொருளில் இருக்கும் டேட்டாவை ஏபிஐ என்ற வாசல் வழியாகத்தான் கேட்டு வாங்க முடியும். அந்த வாசலில் ரேஷன் உண்டு. ஜோஹோ புக்ஸில் ஒரு நிறுவனம் நிமிடத்துக்கு 100 முறைதான் கேட்கலாம். ஒரு முறைக்கு அதிகபட்சம் 200 இன்வாய்ஸ் வரும். 10,000 இன்வாய்ஸ் இருந்தால் முழுப் பட்டியலுக்கு 50 முறை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை என்றால் நாளுக்கு 14,400 முறை. இலவசத் திட்டத்தில் நாளுக்கு 1,000 தான். இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது.

வழி என்ன? எல்லாவற்றையும் கேட்காமல், 'போன தடவைக்குப் பிறகு மாறியது எது?' என்று மட்டும் கேட்பது. ஒவ்வொரு பதிவிலும் கடைசியாக மாற்றிய நேரம் இருக்கும். அதற்குப் பிந்தியதை மட்டும் இழுத்தால் நாளுக்கு 288 அழைப்பிலேயே பட்டியல் முடிந்துவிடும். இன்வாய்ஸுக்குள் இருக்கும் பொருள் விவரத்துக்குத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். அதுவும் மாறியவற்றுக்கு மட்டும்தான்.

இதில் பலரும் மாட்டுவது ஒரே இடத்தில். ரத்தான இன்வாய்ஸ் 'மாறியது' என்று வந்து சேரும். அழித்த இன்வாய்ஸ் வரவே வராது. இல்லாததற்கு ஏது மாற்றிய நேரம்? ரிப்போர்ட்டில் அந்த விற்பனை பேய் மாதிரி நிற்கும். அதனால் இன்வாய்ஸை அழிக்காமல் ரத்து மட்டும் செய்யப் பழக்க வேண்டும். இரவில் ஒருமுறை முழுப் பட்டியலையும் இழுத்து ஒப்பிடுவதும் அவசியம்.

வெப்ஹுக் இன்னொரு வழி. மாற்றம் நடந்த உடனே மென்பொருளே தகவல் அனுப்பும். ஆனால் வாங்கும் சர்வர் அந்த நேரத்தில் படுத்திருந்தால் தகவல் தவறிவிடலாம். அதற்கும் இரவு ஒப்பீடுதான் கைகொடுக்கும்.

லாப நஷ்டக் கணக்கை நிமிடத்துக்கு நிமிடம் பார்த்து யாரும் எதுவும் செய்யப்போவதில்லை. ஸ்டாக்குக்கும் டிஸ்பாட்சுக்கும் மட்டும் ஐந்து நிமிடம் போதும். கூடவே டேஷ்போர்டின் மூலையில் 'கடைசியாகப் புதுப்பித்தது' என்று நேரம் தெரியட்டும். இணைப்பு அறுந்தாலும் பழைய எண்கள் பளிச்சென்றுதான் தெரியும்.