முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பின்: நோவைச் சொல்லப் பழகுவோம்

“இதெல்லாம் ஒரு நோவே? நாங்கள் பார்க்காத நோவா?” முழங்கால் சத்திரசிகிச்சை செய்துகொண்ட எங்கள் ஊர்ப் பெரியவர்களை நலம் விசாரித்தால் அநேகமாகக் கிடைக்கும் பதில் இதுதான். 1995 வலிகாமம் இடப்பெயர்வில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நடந்தவர்களில் அன்று முப்பது வயதில் இருந்தவர்கள் இன்று அறுபதை எட்டிவிட்டார்கள். 2009இல் முள்ளிவாய்க்கால்வரை போய் மீண்டவர்களுக்கும் வயது ஏறிவிட்டது. இப்போது மூட்டுத் தேய்வு பலரை வைத்தியசாலைக்குக் கொண்டுவருகிறது. பல்லைக் கடித்துப் பொறுக்கும் பழக்கம் இவர்களைப் பல இடங்களில் காப்பாற்றியது. முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு அதே பழக்கம் காலை முடக்கிவிடக்கூடும்.

மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சையில், தொடை எலும்பின் கீழ்முனையிலும் கீழ்க்கால் எலும்பின் மேல்முனையிலும் தேய்ந்த பகுதியைச் சீவி எடுத்து, அந்த இடங்களில் உலோகப் பாகங்களைப் பொருத்துகிறார்கள். இடையில் உறுதியான பிளாஸ்டிக் தட்டு ஒன்று வைக்கப்படும். இது ஒருசில மணித்தியால வேலை. ஆனால் அந்த மூட்டு எவ்வளவு மடங்கும், எவ்வளவு நிமிரும் என்பதைப் பெருமளவில் தீர்மானிப்பது அதற்குப் பிந்திய ஆறு தொடக்கம் பன்னிரண்டு கிழமைகள். வெட்டிய தசையும் சவ்வும் ஆறும்போது தழும்பாகி இறுகும். அந்த நாட்களில் அசைக்காத மூட்டு இறுகியபடியே ஆறிவிடும். நோ அடங்காவிட்டால் காலை அசைக்க முடியாது. எனவே நோவுக்குத் தரும் மருந்தும் சிகிச்சையின் ஒரு பகுதிதான்.

வைத்தியசாலையில்

சத்திரசிகிச்சைக்கு முன்னரே சொல்லவேண்டியவை சில உண்டு. உடம்பில் எங்காவது ஷெல் துண்டு இருந்தால் சொல்லுங்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கவேண்டி வந்தால் அந்த உலோகம் ஆபத்தாகலாம். அந்த முழங்காலிலோ அதற்கு அருகிலோ பழைய காயம் இருந்து, ஒருகாலத்தில் சீழ் பிடித்திருந்தால், அது இருபது வருடத்துக்கு முந்தியதாக இருந்தாலும் மறைக்கவேண்டாம். எலும்புக்குள் அடங்கிக் கிடக்கும் பழைய கிருமித்தொற்று புதிய மூட்டில் மீண்டும் தலைதூக்கக்கூடும்.

இந்தச் சத்திரசிகிச்சை பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே மரக்கச்செய்தே நடக்கும். நோ தெரியாது. ஆனால் எலும்பை அறுக்கும் சத்தமும் சுத்தியல் சத்தமும் கேட்கலாம். மாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் தற்காலிக வைத்தியசாலைகளில் கிடந்தவர்களுக்கு அந்தச் சத்தமும் மருந்து வாசமும் எதை நினைவூட்டும் என்று சொல்லத் தேவையில்லை. “எனக்குச் சத்தம் கேட்டால் பயம் வரும்” என்று மயக்கமருந்து தரும் வைத்தியரிடம் முதலே சொல்லிவைத்தால், தூக்கம் வரவைக்கும் மருந்தும் சேர்த்துக் கொடுக்க முடியுமா என்று பார்ப்பார். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

அன்றைக்கோ அடுத்த நாளோ வோக்கரைப் பிடித்து எழுப்பி நடத்துவார்கள். “வெட்டின காலோடை உடனே நடக்கச் சொல்லுறாங்களே” என்று உறவினர் பதறுவதுண்டு. எழுந்து நடப்பது கால் நரம்புகளில் இரத்தம் உறைவதைக் குறைக்கும். கட்டிலில் இருக்கும்போதும் பாதத்தை மேலும் கீழும் அசைத்துக்கொண்டிருப்பது அதற்காகத்தான். தாதியர் “நோ எப்படி?” என்று கேட்டால் “பரவாயில்லை” என்று சொல்லாதீர்கள். பூச்சியம் நோவே இல்லை, பத்து தாங்கவே முடியாதது என்று வைத்து, ஒரு இலக்கத்தைச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்தபின்

துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது பிசியோதெரபிஸ்ட் என்று நாம் சொல்லும் இயன்மருத்துவர் பயிற்சிகளைச் சொல்லித் தருவார். குதிக்காலைப் படுக்கையில் இழுத்து முழங்காலை மடக்குவது, தொடைத் தசையை இறுக்கி முழங்காலைக் கீழே அழுத்துவது, காலை நேராக உயர்த்துவது என்பவை பொதுவானவை. அவர் சொன்ன அளவில் ஒரு நாளில் பல தடவை செய்யவேண்டும். நோ மாத்திரையைப் பயிற்சிக்கு அரை மணித்தியாலம் முன்னர் எடுத்தால் செய்வது இலகு. கதிரையில் இருந்து பாதத்தை முழங்காலுக்கு நேர்கீழே தரையில் வைக்கமுடிந்தால் மூட்டு 90 பாகை மடங்குகிறது என்று பொருள். முதற் கிழமைகளின் இலக்கு இதுவே.

மடக்குவதைப் போலவே நிமிர்த்துவதும் முக்கியம். சுகமாக இருக்கிறது என்று முழங்காலின் கீழே தலையணை வைத்துப் படுப்பது பலரும் செய்யும் பிழை. கால் வளைந்தபடியே இறுகிவிடும். தலையணையைக் குதிக்காலின் கீழே வையுங்கள். வீக்கத்துக்கு ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி 15, 20 நிமிடம் வைக்கலாம். காயத்தில் எண்ணெய், மஞ்சள், பச்சிலை எதுவும் பூசக்கூடாது.

பரசிற்றமோல் 500 மில்லிகிராம் மாத்திரையை வளர்ந்தவர்கள் 24 மணித்தியாலத்தில் எட்டுக்கு மேல் எடுக்கக்கூடாது. நிறை குறைந்தவர்களுக்கும் ஈரல் நோய் உள்ளவர்களுக்கும் அளவு இன்னும் குறைவு. சிறுநீரக நோயோ வயிற்றுப்புண்ணோ இருந்தால், வைத்தியரைக் கேட்காமல் மருந்துக்கடையில் வேறு நோ மாத்திரை வாங்கிப் போடவேண்டாம்.

ஒரு காலை இழந்தவர்களுக்கு இது இன்னும் சிக்கலானது. ஆண்டுக்கணக்கில் முழுப் பாரத்தையும் சுமந்த மற்றக் காலின் முழங்காலே அவர்களுக்குத் தேய்கிறது. சத்திரசிகிச்சைக்கு முன்னரே செயற்கைக் காலைச் சரிபார்த்துக்கொள்வது அவசியம். யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிலையம் போன்ற இடங்களில் இதைச் செய்துகொள்ளலாம். செயற்கைக் காலையும் கையோடு வைத்தியசாலைக்குக் கொண்டுபோகவேண்டும். அது இல்லாமல் எழுந்து நடக்கும் பயிற்சியைத் தொடங்குவது கடினம்.

உடனடியாகப் போகவேண்டிய அறிகுறிகள்

காயத்தைச் சுற்றிச் சிவப்பு பரவுதல், காயத்திலிருந்து நீரோ சீழோ வடிதல், காய்ச்சல், கெண்டைக்கால் வீங்கி நோதல் ஆகியவற்றைக் கண்டால் கிளினிக் திகதிவரை காத்திருக்காமல் வைத்தியசாலைக்குப் போகவேண்டும். திடீரென மூச்சு முட்டினாலோ நெஞ்சு நொந்தாலோ 1990 இலவச அம்புலன்ஸை அழையுங்கள். உறைந்த இரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம். இவை பொறுத்துப் பார்க்கும் நோக்கள் அல்ல. தழும்பின் வெளிப்பக்கம் மரத்திருப்பது, மூட்டில் ‘டக்’ என்ற சத்தம், மாதக்கணக்கில் நீடிக்கும் இலேசான வீக்கம், இரவில் தூக்கம் குழம்புவது என்பன பொதுவாக வருபவை. கிளினிக்கில் சொன்னால் போதும்.

யார் தண்ணீர் அள்ளுவது?

பயிற்சி தெரிந்தும் செய்யமுடியாதவர்கள் இருக்கிறார்கள். கணவரைப் போரில் இழந்தோ, காணாமல் ஆக்கப்பட்டவரைத் தேடியபடியோ தனியே குடும்பம் நடத்தும் பெண்கள் அவர்களில் முக்கியமானவர்கள். கிணற்றில் அள்ளவும் அடுப்பு மூட்டவும் வேறு ஆளில்லை. ஆகவே ஒன்றில் பயிற்சி நின்றுபோகிறது, அல்லது ஆறாத காலோடு வேலை தொடங்குகிறது. இரண்டின் முடிவும் இறுகிய அல்லது வீங்கிய முழங்கால்தான்.

அரச வைத்தியசாலையில் திகதிக்காகக் காத்திருக்கும் காலத்தை இதற்குப் பயன்படுத்தலாம். காலபோக அறுவடை முடிந்த பிறகு திகதி தரமுடியுமா என்று கேட்டுப் பாருங்கள். கை வைத்த உயரமான கதிரை ஒன்றும், குந்தும் மலசலகூடத்துக்கு மேல் வைக்கும் கொமட் கதிரை ஒன்றும் தேவைப்படும். வழியில் கிடக்கும் பாயை எடுத்துவிட்டு, இரவில் எரிய ஒரு வெளிச்சம் போடவேண்டும். முதல் ஆறு கிழமைக்குத் தண்ணீர், சமையல், கிளினிக் பயணம் மூன்றுக்கும் ஆள் யார் என்று சகோதரரிடமும் அயலவரிடமும் மாதர் சங்கத்திடமும் முற்கூட்டியே பேசி முடிவெடுங்கள். கேட்பது கடமைப்படுவதாகச் சிலருக்குத் தோன்றும். இடப்பெயர்வுகளில் ஒரே அடுப்பில் பல குடும்பத்துக்குச் சமைத்தவர்கள் நாங்கள். இதைக் கேட்பதற்கு ஏன் கூசவேண்டும்?

புதிய மூட்டோடு பலருக்குப் பழையபடி தரையில் குந்தவோ முழந்தாளிடவோ முடிவதில்லை. குந்தியிருந்து களை பிடுங்குபவர்களும் வெங்காயம் நடுபவர்களும் வேறு விதமாக வேலை செய்யப் பழகவேண்டி வரலாம். அதைச் சத்திரசிகிச்சைக்குக் கையொப்பமிடும் முன்னரே வைத்தியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் பிழைப்பு என்னவென்று அவருக்கு நீங்கள் சொன்னால்தான் தெரியும்.