பந்தாட்டப் பயணமும் பற்று வரவும்

அமெரிக்காவில் கோடைக்கால வார இறுதிகளில், மட்டையும் கையுறையும் அடங்கிய பைகளுடன் சிறுமியர் அதிகாலையிலேயே காரில் ஏறுவது பல இல்லங்களில் வழக்கமான காட்சி. 1887இல் சிகாகோ நகரில் உள்ளரங்க ஆட்டமாகத் தோன்றிய சாஃப்ட்பால், 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் பெண்களுக்கான பதக்க விளையாட்டாக இடம்பெற்றது. பள்ளி அணிகளுக்கு அப்பால், ஊர் ஊராகச் சென்று ஆடும் 'பயண அணிகள்' அங்கு ஏராளம். கல்லூரிப் பயிற்றுநர்களின் கண்ணில் பட்டால் உதவித்தொகையுடன் உயர்கல்வி கிட்டும் என்ற நம்பிக்கையே பல பெற்றோரை இவ்வணிகளை நாடச் செய்கிறது.

இந்த அணிகளின் செலவை ஏற்கப் பள்ளியோ அரசோ முன்வருவதில்லை. போட்டி நுழைவுக் கட்டணம், நடுவர் ஊதியம், மைதான வாடகை, குளிர்காலத்து உள்ளரங்கப் பயிற்சி, சீருடை, காப்பீடு ஆகியவை அணியின் பொதுச் செலவுகள். எரிபொருளும் விடுதி அறையும் உணவும் அந்தந்தக் குடும்பத்தின் பொறுப்பு.

பொதுச் செலவுக்கான வரவு மூன்று வழிகளில் திரட்டப்படுகிறது. முதலாவது, குடும்பங்கள் செலுத்தும் பருவக் கட்டணம். இரண்டாவது, உள்ளூர் வணிகர்களின் ஆதரவு; பல் மருத்துவமனையோ உணவகமோ பணம் அளித்தால், அதன் பெயர் பதாகையிலும் சீருடையிலும் இடம்பெறும். மூன்றாவது, சிறுமியரும் பெற்றோரும் உழைத்து ஈட்டும் நிதி: கார் கழுவுதல், தின்பண்ட விற்பனை, குலுக்கல் சீட்டு போன்றவை.

கணக்கு எவ்வாறு அமைகிறது என்பதை ஒரு கற்பனை எடுத்துக்காட்டால் அறியலாம். 12 பேர் கொண்ட அணியின் பருவச் செலவு 18,000 டாலர் எனில், தலைக்கு 1,500 டாலர். ஆதரவாளர்கள் 3,000 டாலரும், நிதி திரட்டல் 3,000 டாலரும் தந்தால், ஒருவரின் பங்கு 1,000 டாலராகக் குறையும். பருவத் தொடக்கத்தில் ஒரு சிறுமி பணம் செலுத்தாமல் விலகினால், மற்ற 11 குடும்பங்களும் தலைக்கு ஏறத்தாழ 91 டாலர் கூடுதலாகத் தர நேரிடும். முன்பணம் பெறுவதும் சிறு கையிருப்பு வைப்பதும் இதனால்தான் அவசியமாகின்றன.

திரட்டிய நிதி யாருக்கு உரியது என்பதே இதில் கடினமான வினா. அதிகம் விற்ற பெற்றோரின் மகளுக்கே அதிகக் கழிவு தருவது நியாயம் என்று தோன்றலாம். ஆனால், வரிவிலக்குப் பெற்ற அமைப்புகளுக்கு அது ஆபத்தான பாதை. வர்ஜீனியா மாநிலத்தின் ஜிம்னாஸ்டிக்ஸ் பெற்றோர் மன்றம் ஒன்று, விற்பனைக்கேற்பப் புள்ளிகள் வழங்கி, அவற்றை அந்தந்தக் குழந்தையின் கட்டணத்தில் கழித்து வந்தது. பொது நன்மைக்கென விலக்குப் பெற்ற அமைப்பின் பயன் தனிக் குடும்பங்களைச் சேர்வதைக் காரணம் காட்டி வரித்துறை அவ்விலக்கை நீக்கியது; 2013இல் அமெரிக்க வரி நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. இரவுப் பணியிலிருக்கும் தாய்க்குப் பண்டம் விற்க நேரமிராது. அதற்காக அவருடைய மகள் கூடுதல் கட்டணம் சுமக்கலாமா என்ற கேள்வியும் இத்தீர்ப்பினூடே எழுகிறது. பொதுவில் திரட்டியதைப் பொதுவில் பகிர்வதே பாதுகாப்பான வழி.

மற்றொரு கவலை, பணம் யார் கையில் இருக்கிறது என்பது. பயிற்றுநரின் சொந்தக் கணக்கில் அணியின் பணம் கலந்துவிட்டால், நேர்மையாளரும் ஐயத்துக்கு ஆளாவார். எனவே, நன்கு நடத்தப்படும் அணிகள் தனிக் கணக்கு தொடங்கி, இருவர் கையொப்பமின்றிப் பணம் எடுக்க இயலாதவாறு ஏற்பாடு செய்கின்றன. மாதந்தோறும் வங்கி அறிக்கையைப் பொருளாளர் அல்லாத மற்றொரு பெற்றோர் சரிபார்ப்பதும் நல்ல நடைமுறை.

நம் நாட்டிலும் பிள்ளைகளின் கிரிக்கெட், கபடி, கால்பந்து அணிகள் வெளியூர்ப் போட்டிகளுக்குச் செல்கின்றன. பயணச் செலவைப் பெற்றோர் ஒருவர் தம் கைப்பணத்திலிருந்து கொடுத்துவிட்டுப் பின்னர் வசூலிப்பதை நாம் கண்டிருக்கிறோம். அதற்கு மாறாக, பருவம் தொடங்குமுன் வரவு செலவுத் திட்டத்தை எழுதி எல்லோரிடமும் காட்டலாம். அணிக்கு இருவர் இணைந்து இயக்கும் தனிக் கணக்கு தொடங்குவதற்கு எந்த ஆவணங்கள் தேவை என்பதை வங்கிக் கிளையில் கேட்டறியலாம். குடும்பங்கள் தத்தம் பங்கை மாதாந்திரத் தொடர் வைப்பில் சேர்த்து வந்தால், போட்டி அறிவிக்கப்படும் நாளில் கடன் வாங்க வேண்டியிராது. பணமில்லை என்ற காரணத்தால் எந்தப் பிள்ளையும் பேருந்தை வழியனுப்பிவிட்டு வீட்டில் தங்க நேராது.