பவுடர் டப்பாவில் உள்ள எண்ணை நம்பலாமா?

முகப்பவுடர் டப்பா சிலவற்றில் ‘எஸ்.பி.எஃப். 15’ என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். “அப்புறம் தனியாகச் சன்ஸ்கிரீன் எதற்கு, ஆசிரியர்?” என்று வகுப்பில் மாணவிகள் கேட்பதுண்டு. நல்ல கேள்விதான். விடை ஒரு சிறு கணக்கில் இருக்கிறது.

தோலைச் சிவக்க வைக்கும் புற ஊதாக் கதிர்களை ஒரு பூச்சு எவ்வளவு தடுக்கிறது என்பதை எஸ்.பி.எஃப். காட்டுகிறது. 15 என்றால் அக்கதிர்களில் பதினைந்தில் ஒரு பங்கே தோலை அடையும். 30 என்றால் முப்பதில் ஒரு பங்கு. ஆனால் ஆய்வுக்கூடத்தில் இதை அளக்கும்போது ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 2 மில்லிகிராம் வீதம் பூசுகிறார்கள். உங்கள் முகமும் கழுத்தும் சேர்ந்து 600 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 600 × 2 = 1,200 மில்லிகிராம், அதாவது 1.2 கிராம். அப்படிப் பூசினால் 10 கிராம் பவுடர் டப்பா எட்டே நாளில் காலியாகிவிடும்! உங்கள் வீட்டில் அது எத்தனை மாதம் வருகிறது? (அவ்வளவையும் ஒரே நாளில் அப்பிக்கொண்டால் மேடை நாடகத்துக்குத்தான் கிளம்ப வேண்டும்.)

பூச்சு மெலிந்தால் பாதுகாப்பும் குறையும். அடியில் 30, மேலே 15 பூசினால் 45 ஆகிவிடும் என்பதும் தவறு.

ஆகவே வேலையைச் செய்ய வேண்டியது அடியில் உள்ள சன்ஸ்கிரீன்தான். பள்ளிக்கு ஒப்பனை கூடாது என்பது விதி. பவுடர் இல்லாவிட்டாலும் சன்ஸ்கிரீன் வேண்டும். நம் நாட்டில் நண்பகலில் புற ஊதாக் குறியீடு 11ஐத் தொடுவது அரிதல்ல. உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவீட்டில் அதுவே உச்ச நிலை. மேகமூட்டம் எல்லாக் கதிர்களையும் தடுப்பதில்லை. மாநிறத் தோலிலுள்ள மெலனினும் ஓரளவுதான் காக்கும்.

நடன நிகழ்ச்சிக்கோ திருமணத்துக்கோ போகும் நாளில், முகம் கழுவி, மாய்ஸ்சரைசர் தடவுவீர்களானால் அதன்பின், ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் சன்ஸ்கிரீனைப் பிதுக்கி எடுத்துப் பூசுங்கள். காதையும் பின்கழுத்தையும் மறக்க வேண்டாம். அது நன்கு காய்ந்த பிறகே ஒப்பனை. பஞ்சால் ஒற்றி எடுங்கள். தேய்த்தால் அடியில் படிந்த மெல்லிய படலம் கலைந்துவிடும். வெயிலில் நின்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். வியர்த்தால் அதற்கும் முன்பே.

வீட்டில் ஒன்றைச் சோதித்துப் பாருங்கள். தினம் ஒருமுறை மட்டும் பூசினாலும் 50 கிராம் சன்ஸ்கிரீன் ஏறக்குறைய 40 நாளில் தீர வேண்டும். உங்களுடையது மூன்று மாதம் வருகிறதா?