மதியம் ஹேங் ஆகும் பாக்டீரியா!

சென்ற மே மாதம் என் தாம்பரம் வீட்டுக் கம்ப்யூட்டர் வேடிக்கை காட்டியது. காலையில் ஒழுங்காக ஓடும். மதிய வெயில் ஏறியதும் ஹேங் ஆகிவிடும். நல்லவேளை, ஒரேயடியாகப் படுத்துவிடவில்லை. காலையில் ஓடியதால் ஃபைல்களை பேக்கப் எடுத்தேன். சூடு ஏறும்போது என்ன நடக்கிறது என்றும் கவனித்தேன்.

பாக்டீரியாவை ஆராய்பவர்களும் இதே வழியைத்தான் பின்பற்றுகிறார்கள்.

30 டிகிரியில் ஓகே, 42-ல் அவுட்

நம் குடலில் வாழும் ஈ.கோலி பாக்டீரியாவின் டி.என்.ஏ.வில் சுமார் 46 லட்சம் எழுத்துக்கள் உள்ளன. அதை பாக்டீரியாவின் ஆபரேட்டிங் சிஸ்டம் என்று வைத்துக் கொள்ளுங்கள். அவசியமான ஒரு ஜீன் அடியோடு கெட்டால் பாக்டீரியா இறந்துவிடும். இறந்ததை வளர்த்து ஆராய முடியாது. ஆனால் சில பிழைகள் 30 டிகிரி செல்சியஸில் தொல்லை தருவதில்லை. 42 டிகிரியில் அந்த ஜீன் தரும் புரதம் உருக்குலைந்து, வளர்ச்சி நின்றுவிடும். எனவே 30-ல் வளர்க்கலாம், 42-ல் சோதிக்கலாம்.

சரி, பிழை எந்த இடத்தில் இருக்கிறது? அதற்கு மேப் வேண்டும்.

நிமிடக் கணக்கில் மேப்

தாம்பரத்திலிருந்து கிண்டி எவ்வளவு தூரம் என்றால், மின்சார ரயிலில் இத்தனை நிமிடம் என்றுதானே சொல்வோம்? ஈ.கோலி மேப்பும் அப்படித்தான். ஒரு பாக்டீரியா இன்னொன்றுக்கு டி.என்.ஏ.வை அனுப்பும்போது ஜீன்கள் வரிசையாக நுழையும். 1950களில் பாரிஸில் வோல்மன், ஜேக்கப் என்ற இருவர் குறிப்பிட்ட நிமிடங்களில் மிக்ஸி போன்ற கருவியில் அடித்து இரண்டையும் பிரித்தார்கள். அதுவரை நுழைந்தவை எவை என்று தெரிந்தது. முழுவதும் நுழைய சுமார் 100 நிமிடம். மேப்பின் நீளமும் அதுவே.

இன்னும் துல்லியம் வேண்டுமா? பி1 என்ற வைரஸ் சுமார் 2 நிமிட நீளத் துண்டை மட்டும் சுமந்து செல்லும். சானடோரியமும் குரோம்பேட்டையும் ஒரே துண்டில் வரலாம்; சானடோரியமும் கிண்டியும் வராது. இரண்டு ஜீன்கள் அடிக்கடி சேர்ந்து போனால் அவை பக்கத்து ஸ்டேஷன்கள்.

மதுரையில் கண்டது

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஜெயராமன், முனவர் குழுவினர் இம்முறையைக் கையாண்டார்கள். சூட்டில் வளராத ஒரு ஈ.கோலி வகையிலிருந்து, மீண்டும் சூட்டில் வளரும் ஒன்றைப் பிரித்தார்கள். வேறோர் இடத்தில் ஏற்பட்ட புதிய மாற்றம்தான் அதைக் காப்பாற்றியது. அதன் இடம் 39.01 நிமிடம் என்று 2006-ல் வெளியிட்டார்கள்.

சுவாரஸ்யம் என்னவென்றால், ஃபிட்ஏ76 என்று ஒரே பெயரில் அழைக்கப்பட்ட பழைய பழுதுக்குள் இரண்டு பிழைகள் இருந்தன! புதிய மாற்றம் அவற்றில் ஒரு பிழை மட்டும் உள்ள வகையைக் காப்பாற்றியது. இரண்டும் உள்ள பழைய வகையைக் காப்பாற்றவில்லை.

என் கம்ப்யூட்டரிலும் இதே கதைதான். பிராசஸர் ஃபேனில் அடைந்த தூசியைத் துடைத்தேன். மறுநாள் மதியமும் ஹேங். பவர் சப்ளை ஃபேனும் சுற்றாமல் நின்றிருந்தது! அதையும் மாற்றிய பிறகே சரியானது.

இன்று ஈ.கோலியின் முழு எழுத்து வரிசையும் என்.சி.பி.ஐ. தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே பார்க்கலாம். ஆனால் அது மதியத்தில் ஹேங் ஆனால், முதலில் மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு கேபினெட்டைத் திறந்து பாருங்கள். ஒரு பழுதைக் கண்டதும் தேடுவதை நிறுத்திவிடாதீர்கள்.